எவ்வளவு போதும் என்ற கேள்வி

கண்மணியைச் சுற்றிக் கறுப்பாகவோ பழுப்பாகவோ வளையமிட்டு நிற்கும் மெல்லிய சவ்வு சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அமைவதில்லை. ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு நேரும் இந்தக் குறையைக் கண்ட பெற்றோர் கண் வைத்தியரிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களேயன்றி, அதன் வயிற்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இராது. ஆனால் 1964-ஆம் வருஷத்தில் ராபர்ட் மில்லர் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும், சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி கண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 440 குழந்தைகளின் குறிப்புகளை வரிசையாகப் புரட்டிப் பார்த்தபோது, அவர்களில் 6 பேருக்குக் கண்ணில் அந்தச் சவ்வு இல்லை என்ற விஷயம் வெளிப்பட்டது. ஐம்பதினாயிரத்தில் ஒன்றாக இருக்க வேண்டியது எழுபது எண்பதில் ஒன்றாக வந்து நின்றால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. வேறு சில குழந்தைகளுக்கு உடம்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடப் பருத்து வளர்ந்திருந்தது.

கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. மனித உடலின் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களில் பதினோராவதில், கண்ணின் சவ்வை உருவாக்கும் ஜீனும் சிறுநீரகத்தை உருவாக்கும் ஜீன் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்றும், அந்த இடத்தில் ஒரு துணுக்கு அறுபட்டுப் போனால் இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன என்றும் பின்னர்த் தெரியவந்தது. சிறுநீரக ஜீன் 1990-இல் அடையாளம் காணப்பட்டது. பிறவிக் குறையும் பாலப் பருவத்துப் புற்றுநோயும் வெவ்வேறு வியாதிகள் என்று எண்ணியிருந்த வைத்திய உலகம், இரண்டும் பல சமயங்களில் ஒரே மூலத்திலிருந்து கிளம்புகின்றன என்பதை இவ்வாறுதான் அறிந்துகொண்டது.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோயை நாம் ஓரளவு அறிவோம். புகையிலை, மது, முதுமை, நீண்ட கால ரணம் என்று அதற்குக் காரணங்களைச் சொல்கிறோம். மூன்று வயதுக் குழந்தை என்ன செய்தது? அது எதையும் செய்யவில்லை. அதன் பெற்றோரும் ஒரு பாவமும் செய்யவில்லை. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனெனில், குழந்தைகளின் புற்றுநோய் வார்டில் தாய்மார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கிறது. கர்ப்பத்தில் சிசுவின் சிறுநீரகம் உருவாகி முடிவது ஏறத்தாழ முப்பத்தாறாவது வாரத்தில். வீடு கட்டி முடிந்த பிறகும் சாரத்தைப் பிரிக்காமல் சில கொத்தனார்கள் மேலே மேலே செங்கல் அடுக்கிக்கொண்டே போனால் எப்படியிருக்குமோ, அப்படி, சிறுநீரகம் கட்டும் வேலைக்கென்று வந்த அணுக்களில் ஒரு கூட்டம் வேலை முடிந்த பிறகும் ஓயாமல் பெருகிக்கொண்டே போவதுதான் இந்தச் சிறுநீரகக் கட்டி. வெட்டியெடுத்த கட்டியின் சிறு சீவலைச் சாயமேற்றி நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும்: நெருக்கமாகக் குவிந்த நீல நிற அணுக்களும், அவற்றினிடையே சிறுநீர்க் குழலாக வேண்டும் என்று முயன்று பாதியில் நின்றுபோன வளையங்களும், அவற்றைச் சூழ்ந்த தளர்ந்த நார்த் திசுவும் ஒன்றாகக் கிடக்கும். அங்கே கிடப்பது உருவாகத் தெரியாத ஒரு சிறுநீரகம்.

இந்த உண்மையை முதலில் விரிவாக எடுத்துரைத்தவர் மாக்ஸ் வில்ம்ஸ் என்ற ஜெர்மானிய ரண வைத்தியர். 1899-இல் அவர் எழுதிய நூலின் காரணமாகவே இது இன்றும் வில்ம்ஸ் கட்டி என்று வழங்குகிறது. முதல் உலக யுத்தம் முடியும் 1918-ஆம் ஆண்டில், டிப்தீரியாவினால் மூச்சுத் திணறிய பிரெஞ்சு யுத்தக் கைதி ஒருவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து, அந்த நோய் தம்மையே தொற்றிக்கொள்ள, அவர் மாண்டுபோனார். பகைவன் என்று பாராமல் சிகிச்சை செய்து உயிரை விட்ட ஒருவரின் பெயரை இந்த நோய் தாங்கி நிற்பது பொருத்தமே.

சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், இது வருகிறது. குழந்தை நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும், வலியும் ஜுரமும் பெரும்பாலும் இரா. சட்டை மாட்டும்போதோ குளிப்பாட்டும்போதோ வயிற்றின் ஒரு பக்கத்தில் கெட்டியாக ஏதோ தட்டுப்படும். சில வேளைகளில் அது குழந்தையின் தலையளவுகூடப் பருத்திருக்கும்.

வில்ம்ஸின் காலத்தில் இந்த நோய் கண்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் இறந்தே போனார்கள். கத்தியை எடுக்கத் துணிந்தவர்களுக்குக்கூட, சின்னஞ்சிறு உடலிலிருந்து அவ்வளவு பெரிய கட்டியை எடுக்கும்போது நேரும் ரத்த நஷ்டத்தையும் அதிர்ச்சியையும் எதிர்த்து நிற்க வழி தெரியவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வில்லியம் லாட் என்பவரும், பின்பு அவருடைய சிஷ்யரான ராபர்ட் கிராஸும், குழந்தைகளுக்கான ரண சிகிச்சையைத் தனி வித்தையாகவே வளர்த்தார்கள். அவர்கள் வகுத்த முறையின் சாரம் இன்றும் மாறவில்லை. வயிற்றைக் குறுக்கே அகலமாகத் திறந்து, கட்டி எவ்விடம் வரை பரவியிருக்கிறது என்று பார்த்து, சிறுநீரகத்தின் பெரிய ரத்தக் குழாய்களை முதலில் கட்டிவிட்டு, அதன் பிறகு கட்டியைச் சிறுநீரகத்தோடு முழுமையாக எடுப்பதே அம்முறை. அவர்களிடம் வந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு பிழைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சும் கொடுக்கத் தொடங்கிய பின் ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைத்தார்கள்.

இந்த ஆபரேஷனைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கட்டியின் மேலுறை மிகவும் மெல்லியது. உள்ளே இருப்பதோ மிருதுவான, எளிதில் சிதையும் பொருள். டாக்டர் பெருங்குடலை மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்குகிறார். சிறுநீரகத்திலிருந்து இருதயத்தை நோக்கிச் செல்லும் பெருநாளத்தை விரலால் தடவிப் பார்க்கிறார், ஏனென்றால் கட்டி அந்த நாளத்துக்குள்ளேயே விரல் நீட்டியது போல் வளர்ந்திருக்கக் கூடும். பிறகு சுற்றிலுமுள்ள ஒட்டுகளை அங்குலம் அங்குலமாகப் பிரிக்கிறார். இதற்கிடையே எங்கேனும் மேலுறை கிழிந்து உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்திவிட்டால், பரவலை வைத்து எண்ணும் கட்டங்களில் முதல் கட்டத்தில் இருந்த நோய் அக்கணமே மூன்றாம் கட்டத்துக்குப் போய்விடும். அந்தக் குழந்தைக்கு வயிற்றில் கதிர்வீச்சும் கூடுதலான மருந்தும் வேண்டியிருக்கும். கட்டியை வெளியே எடுத்துவிட்டோம் என்ற திருப்தியோடு தையல் போட்டுவிடவும் கூடாது. பக்கத்திலுள்ள நிணநீர்க் கணுக்களில் சிலவற்றை, அவை பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும்; அப்படி அனுப்பாமல் விட்ட குழந்தைகளுக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது அதிகம் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஒரு சிறு கணுவை எடுக்க மறந்த அசிரத்தைக்கு ஒரு குழந்தை விலை கொடுக்கிறது என்றால், அந்த மேஜையருகில் நிற்பவரின் பொறுப்பு எத்தகையது!

கத்தியும் கதிரும் பாதித் தூரம் கொண்டுவந்து விட்ட குழந்தைகளை மீதித் தூரமும் கொண்டு சென்றவை மருந்துகள். ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ஸெல்மன் வாக்ஸ்மன், 1940-இல் மண்ணில் வாழும் கிருமி ஒன்றிலிருந்து ஆக்டினோமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். தொற்று நோய்களுக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு அது கடும் விஷமாக இருந்ததால் ஒதுக்கி வைக்கப்பட்டது. அதன் ஒரு வகையைப் பாஸ்டனில் ஸிட்னி ஃபார்பர் 1950-களில் வில்ம்ஸ் கட்டிக்குப் பிரயோகித்துப் பார்த்தார். வேறு இடங்களுக்குப் பரவாத கட்டியுள்ள குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது என்ற அளவை நெருங்கிப் பிழைக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது மருந்து நமக்கு அந்நியமானதல்ல. நம் வீட்டு வாசல்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பன்னிரண்டு மாதமும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியின் இலையிலிருந்துதான் வின்கிறிஸ்டின் எடுக்கப்படுகிறது. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட அந்தச் செடியைத் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் வானம் பார்த்த நிலத்தில் பயிரிட்டு மருந்துக்காக ஏற்றுமதி செய்துவருகிறார்கள்.

மருந்து கிடைத்துவிட்டது, குழந்தைகள் பிழைக்கிறார்கள். சாதாரணமாக ஒரு சாஸ்திரம் இந்த இடத்தில் திருப்தியடைந்து உட்கார்ந்துவிடும். வில்ம்ஸ் கட்டியின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் உயர்வாகப் படுவது, அந்த வைத்தியர்கள் உட்கார்ந்துவிடவில்லை என்பதுதான்.

நோயோ அபூர்வமானது, அமெரிக்கா போன்ற பெரிய தேசத்திலேயே வருஷத்துக்குச் சுமார் 500 குழந்தைகளுக்குத்தான் வருகிறது. ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆண்டில் நாலைந்து பேர் வந்தால் அதிகம். அந்த நாலைந்து பேரை வைத்துக்கொண்டு எந்தச் சிகிச்சை சிறந்தது என்று ஒருவர் தம் ஆயுள் முழுவதும் தனியாக உழைத்தாலும் நிர்ணயிக்க முடியாது. ஆகவே 1969-இல் பல ஆஸ்பத்திரிகளின் ரண வைத்தியர்களும், கதிர்வீச்சு நிபுணர்களும், மருந்து நிபுணர்களும், நுண்ணோக்கி நிபுணர்களும் ஒன்று கூடி, தங்கள் தங்கள் பழக்கத்தையும் அபிமானத்தையும் விட்டு, எல்லோரும் ஒரே திட்டத்தின்படி சிகிச்சை செய்து முடிவுகளை ஒரே இடத்தில் சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். தேசிய வில்ம்ஸ் கட்டி ஆராய்ச்சி என்ற அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஜூலியோ டாஞ்ஜியோ. அவர் கதிர்வீச்சு நிபுணர். தம்முடைய வித்தையான கதிர்வீச்சை எந்தக் குழந்தைக்குக் கொடுக்காமலிருக்கலாம் என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியைத் தாமே முன்னின்று நடத்தினார். நோயைக் குணப்படுத்துவதோடு வைத்தியரின் கடமை முடிந்துவிடுவதில்லை, குணமான குழந்தை எப்படி வளர்ந்து எப்படி வாழ்கிறது என்பதற்கும் வைத்தியரே ஜவாப்தாரி என்று அவர் ஓயாமல் வற்புறுத்திவந்தார்.

ஏன் அப்படி வற்புறுத்தினார் என்பது, முந்தைய தலைமுறையில் பிழைத்த குழந்தைகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். நம் ஊர் ஜனங்கள் "கரண்டு வைப்பது" என்று சொல்லும் கதிர்வீச்சு, புற்றுநோய் அணுவையும் வளரும் எலும்பையும் வேறு பிரித்து அறிவதில்லை. வயிற்றின் ஒரு பக்கத்தில் அதிக அளவு கதிர் பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பு ஒரு பக்கம் வளராமல் கூன் விழுந்தது, உடல் குட்டையாயிற்று, மார்பில் கதிர் பட்ட பெண் குழந்தைகள் சிலருக்கு வாலிபத்தில் மார்பகப் புற்றுநோய் வந்தது. டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிற மருந்து நோயை வென்றது; ஆனால் சிலருக்குப் பல வருஷங்களுக்குப் பிறகு இருதயத்தைத் தளர்த்தியது. எழுபது வயதில் கதிர்வீச்சுப் பெறுபவர் அதன் பின்விளைவுக்கு முன்பே காலமாகிவிடக் கூடும். மூன்று வயதில் பெறுபவரோ அதை அறுபது எழுபது வருஷம் சுமக்க வேண்டும்.

எனவே இந்த ஆராய்ச்சிகளின் கேள்வி எப்போதும் ஒன்றாகவே இருந்தது: எவ்வளவு போதும்? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒத்த நிலையிலுள்ள குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையும் மற்றதற்கு அதைவிடக் குறைந்த சிகிச்சையும் அளித்து, வருஷக்கணக்கில் பின்தொடர்வது. என் குழந்தையின் உயிரைக் குலுக்கலுக்கு விடுவதா என்று பெற்றோர் மனம் பதைப்பது இயற்கை. ஆனால் இரண்டில் எது நல்லது என்று வைத்தியருக்கே உண்மையில் தெரியாதபோதுதான் குலுக்கலுக்கு நியாயம் உண்டு. ஒரு பிரிவு பின்தங்குகிறது என்று தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும் என்ற விதியும் முன்கூட்டியே எழுதி வைக்கப்படுகிறது. அந்தப் பெற்றோர் சம்மதித்திராவிட்டால், இன்றைய குழந்தைகள் தேவையற்ற கதிரையும் மருந்தையும் இன்னும் சுமந்துகொண்டிருப்பார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

இந்த முறையில் படிப்படியாகக் குறைத்தார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட முதல் கட்டக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு அவசியமில்லை என்று முதல் ஆராய்ச்சி காட்டியது. முதல் கட்டத்தில் உள்ள எந்த வயதுக் குழந்தைக்கும் வேண்டாம் என்று இரண்டாவது காட்டியது. இரண்டாம் கட்டத்துக்கும் வேண்டாம், மூன்றாம் கட்டத்துக்கு முன்பு கொடுத்ததில் பாதி அளவே போதும் என்று 1979-இல் தொடங்கிய மூன்றாவது காட்டியது. முதல் கட்ட நோய்க்கு 15 மாதம் கொடுத்த ஊசி மருந்து 6 மாதமாகச் சுருங்கி, பிறகு 10 வாரமாகச் சுருங்கிற்று. ஐந்து நாள் பிரித்துக் கொடுத்த மருந்தை ஒரே நாளில் கொடுத்தால் போதும் என்றும் கண்டார்கள். வெகு தூரத்திலிருந்து பஸ் ஏறி வரும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்! கூடவே, ப்ரூஸ் பெக்வித் என்ற நுண்ணோக்கி நிபுணர், கட்டிகளிலேயே அணுக்களின் உட்கருக்கள் விகாரமாகப் பெருத்த ஒரு கொடிய வகை உண்டு என்று 1978-இல் பிரித்துக் காட்டினார். கடுமையான சிகிச்சையை அந்த வகை கண்ட குழந்தைகளுக்கு ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்குக் குறைக்க அது வழி செய்தது.

கடைசிப் படி மிகவும் துணிகரமானது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. கட்டியும் சிறுநீரகமும் சேர்ந்து 550 கிராமுக்குக் குறைவு. நோய் முதல் கட்டம். இவர்களுக்கு ஆபரேஷன் மட்டும் போதுமா, மருந்தே வேண்டாமா என்று ஐந்தாவது ஆராய்ச்சியில் பார்க்கத் தொடங்கினார்கள். நோய் திரும்பியவர்களின் எண்ணிக்கை முன்கூட்டி வகுத்த வரம்பைத் தாண்டியதால் விதிப்படி அந்தப் பிரிவை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அத்தோடு கணக்கை மூடிவிடாமல் அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, நோய் திரும்பியவர்களும் பிறகு மருந்து பெற்று, அநேகமாக எல்லோருமே பிழைத்திருந்தார்கள். ஆகவே அதே கேள்வியை அடுத்த தலைமுறை ஆராய்ச்சியில் மறுபடியும் எடுத்தார்கள். இம்முறை 116 குழந்தைகள். பத்தில் ஒருவருக்கு நோய் திரும்பிற்று. நான்கு வருஷங்களின் முடிவில் ஒருவர்கூட இறக்கவில்லை. பத்தில் ஒன்பது சிசுக்கள் ஒரு சொட்டு விஷ மருந்தும் உடலில் ஏறாமல் குணமடைந்தன. இது 2017-இல் வெளிவந்த செய்தி.

ஐரோப்பாவில் இதே காலத்தில் வேறொரு மரபு வளர்ந்தது. பிரான்ஸில் ழான் லெமெர்ல் போன்றவர்கள், கட்டியை உடனே வெட்டாமல் சில வாரம் மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்தால் அது கிழிந்து சிந்தும் அபாயம் குறையும் என்று வாதித்தார்கள். அமெரிக்கர்களோ, மருந்து படாத கட்டியைப் பார்த்தால்தான் அதன் உண்மையான கட்டம் தெரியும் என்றார்கள். இரு சாராரும் ஐம்பது வருஷமாகத் தத்தம் வழியில் போய், இரண்டு கரைகளிலும் பத்தில் ஒன்பது குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள். டாக்ஸோரூபிசினை நடுத்தர அபாயமுள்ள இரண்டாம், மூன்றாம் கட்டக் குழந்தைகளுக்கு விட்டுவிடலாம் என்று 2015-இல் நிரூபித்தவர்கள் ஐரோப்பியர்களே. நம் நாட்டைப் போல் கட்டி மிகவும் பெருத்த பிறகே ஆஸ்பத்திரிக்கு வரும் இடங்களில் ஐரோப்பிய வழியே பொருத்தமானது என்பது என் அபிப்பிராயம்.

குறைப்பது ஒரு பக்கம். தொடாமலே இருப்பது இன்னொரு பக்கம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலும் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் கிளம்பும் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி, பெரிய குழந்தைகளுக்கு வந்தால் மிகக் கொடிய வியாதி. அதே கட்டி சில மாதச் சிசுவுக்கு வந்து, ஈரலிலும் தோலிலும் பரவிய பிறகுகூட, யாரும் எதுவும் செய்யாமலே கரைந்து மறைந்துவிடுவதுண்டு. ஆட்ரி எவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் 1971-இல் டாஞ்ஜியோவோடு சேர்ந்து இந்தச் சிசுக்களைத் தனி வகையாகப் பிரித்து, இவர்களிடம் கடுமை காட்ட வேண்டாம் என்று அறிவுறுத்தினார். (பல்லாண்டு ஒன்றாக உழைத்த அவ்விருவரும் முதுமையில், 2005-இல், தம்பதிகளானார்கள்.)

ஜப்பானியர்கள் இந்த நோயை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு ஒரு மாபெரும் திட்டத்தை 1985-இல் தேசமெங்கும் தொடங்கினார்கள். ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரை ஒரு காகிதத்தில் நனைத்துத் தாய் தபாலில் அனுப்பிவிட வேண்டியது. அந்தக் கட்டி வெளியிடும் ரசாயனப் பொருள் அதில் மிகுந்திருந்தால் குழந்தையை அழைத்துச் சோதிப்பார்கள். கட்டிகள் ஏராளமாகக் கண்டுபிடிக்கப்பட்டன, ஆபரேஷன்களும் நடந்தன, சிகிச்சை பெற்ற சிசுக்கள் அநேகமாக எல்லோரும் பிழைத்தார்கள். வெற்றி என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் ஜெர்மனியிலும் சோதனை செய்த குழந்தைகளையும் செய்யாத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சிகள், இந்தச் சோதனையால் நியூரோபிளாஸ்டோமா மரணங்கள் குறையவில்லை என்று காட்டின. சிறுநீர்ச் சோதனை பிடித்தவை பெரும்பாலும் தாமாகவே கரைந்துபோயிருக்கும் கட்டிகள். கொல்லும் கட்டிகளோ அதன் வலையில் சிக்காமல் பின்னால் வந்தன. தேவையில்லாமல் கத்திபட்ட சிசுக்கள் சிலருக்குச் சிகிச்சையே தீங்கு செய்தது. ஜப்பான் 2003-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தத் தீர்மானித்தது. பதினெட்டு வருஷம் பெருமையோடு நடத்திய காரியத்தைச் சான்று எதிராக வந்தது என்பதற்காக நிறுத்துவதற்கு, அதைத் தொடங்குவதற்கு வேண்டியதைவிட அதிகமான மனத்திண்மை வேண்டும். பின்னர் அமெரிக்காவில், பிறந்து ஆறு மாதத்துக்குள் சுரப்பியில் சிறு கட்டி கண்ட சிசுக்களில் 83 பேரை ஸ்கேன் மூலம் கவனித்து மட்டும் வந்தார்கள். ஐவரில் நால்வருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. மூன்றாண்டு முடிவில் எல்லோரும் உயிரோடிருந்தார்கள்.

பிறவிக் குறைகளின் சிகிச்சையிலும் இதே பாடம் திரும்ப வருகிறது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் துவாரத்தோடு பிறக்கும் சிசுக்கள் ஏறத்தாழ 3,000-க்கு ஒன்று. குடல் மேலே ஏறி மார்பில் அடைந்து நுரையீரலை வளர விடாது. 1946-இல் ராபர்ட் கிராஸ் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சிசுவுக்கு இந்த ஆபரேஷனைச் செய்து வெற்றி கண்டது முதல், குழந்தை பிறந்தவுடன் நள்ளிரவானாலும் மேஜைக்குக் கொண்டு ஓடுவதே நியதியாயிற்று. 1980-களில் மூச்சின் அளவுகளை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தவர்கள், அவசர ஆபரேஷனுக்குப் பிறகு பல சிசுக்களின் நுரையீரல் மேலும் இறுகிப்போவதைக் கண்டார்கள். துவாரம் காத்திருக்கும், காத்திருக்க முடியாதது நுரையீரல்தான். இப்போது முதலில் மென்மையாகச் சுவாசம் கொடுத்து, ரத்த ஓட்டத்தைச் சீர்படுத்தி, சில நாள் கழித்தே தைக்கிறார்கள். நிலை மிகக் கடுமையாக உள்ள சிசுக்களுக்கு, கர்ப்பத்திலிருக்கும்போதே மூச்சுக் குழாயில் சிறு பலூனை வைத்து நுரையீரலை வளரச் செய்யும் முறையை பெல்ஜியத்தின் லூவென் நகரத்து யான் டெப்ரெஸ்டும் பல தேசத்துச் சகாக்களும் குலுக்கல் முறையில் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள்: பலூன் வைத்தவர்களில் 40 சதவீதம் பிழைத்து வீடு சென்றார்கள், வைக்காதவர்களில் 15 சதவீதம். நடுத்தரக் கடுமையுள்ளவர்களுக்கோ நிச்சயமான பயன் தெரியவில்லை; குறைப்பிரசவம் மட்டும் அதிகமாயிற்று. அதே பலூன், யாருக்கு என்பதைப் பொறுத்து, வரமாகவும் வீணாகவும் இருக்கிறது.

இவ்வளவு அறிவும் எல்லாக் குழந்தைகளையும் போய்ச் சேர்ந்திருக்கிறதா? 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக 74 நாடுகளின் 264 ஆஸ்பத்திரிகளில், வயிறு, குடல், உணவுக் குழாய் ஆகியவற்றில் பிறவிக் குறையோடு வந்த 3,849 குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். செல்வ நாடுகளில் நூற்றுக்கு 5.6 பேர் இறந்தார்கள். நடுத்தர வருமான நாடுகளில் 20.4 பேர், ஏழை நாடுகளில் 39.8 பேர். துவாரமும் அடைப்பும் எங்கும் ஒன்றுதான். மயக்க மருந்து நிபுணரும், சுவாச யந்திரமும், சிசுவைச் சூடாக வைத்து உரிய காலத்தில் கொண்டுசேர்க்கும் வண்டியும், ரத்தக் குழாய் வழியே ஊட்டம் கொடுக்கும் வசதியும்தான் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. இந்த வேறுபாட்டை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்காமலே, தெரிந்ததைச் செய்வதன் மூலமே நிவர்த்திக்கக் கூடிய மரணங்கள் இவை. புற்றுநோயிலோ ஏழைக் குடும்பங்களுக்கு இன்னொரு துன்பம்: கட்டியை எடுத்ததும் குழந்தை தெளிந்துவிடுகிறது, கூலி வேலையும் வீட்டில் மற்றக் குழந்தைகளும் காத்திருக்கின்றன, பாதி ஊசியோடு சிகிச்சை நின்றுவிடுகிறது.

ஆகையால் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். குழந்தையின் வயிற்றில் கெட்டியாக ஏதேனும் தட்டுப்பட்டாலோ, வயிறு ஒரு பக்கம் மட்டும் பருத்தாலோ, சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தாலோ, மாந்தம் என்றும் குலைக்கட்டி என்றும் எண்ணிக்கொண்டு எண்ணெய் தடவி உருவவோ, குடல் தட்டவோ ஒருவரையும் அனுமதிக்காதீர்கள். மெல்லிய உறையுள்ள கட்டியை அழுத்துவது ஆபத்து. அன்றைக்கே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் நிற வளையம் இல்லாமலோ, உடம்பின் ஒரு பக்கம் பருத்தோ, நாக்கு மிகப் பெரிதாகவோ பிறந்த குழந்தைக்கு வயிற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். சிகிச்சை தொடங்கிவிட்டால், பணக் கஷ்டமோ போக்குவரத்துக் கஷ்டமோ நேர்ந்தால் அதை வார்டு நர்ஸிடம் கூசாமல் சொல்லுங்கள், அரசின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது; ஆனால் குழந்தை தெளிந்துவிட்டதே என்று சீட்டில் எழுதிய கடைசி ஊசிக்கு முன்னால் வீடு திரும்பிவிடாதீர்கள்.